மூன்று ஸ

காதுக்குள் குளிர்ச்சியாக எதுவோ புகுந்து அடைத்துக்கொண்டதும் முதலில் கேட்டது என் மூச்சுதான். அப்புறம் எச்சில் விழுங்குகிற சத்தம். வெளிக்கதவைச் சாத்தினால் உள்ளே இவ்வளவு நடமாட்டமா என்று நினைத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த யூனுஸ் எழுந்து வந்து, இயர்போன் கம்பியை என் காதுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் விட்டான். சின்ன வயதில் அலுக்கத்து வளையங்கள் போட்ட துளைகள் காது மடலில் வரிசையாகத் தூர்ந்து கிடக்கின்றன. கம்பி அதன்மேல் உரசும்போது கூச்சமாக இருந்தது. ஒரு பக்கத்தை லேசாக இழுத்து, "ஆடாதீங்க உம்மா, சரியா அடைக்கலன்னா பேஸ், அந்தக் கீழ்ச்சத்தமெல்லாம் ஒழுகிப் போயிரும்" என்றான். ஒழுகிப் போகுமாம். குழாய் ரிப்பேர்காரன் பேச்சு. சென்னையில் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு இது ஒரு வேலை. இவன் விலை கூடிய இயர்போன்களைக் கேட்டுப் பார்த்து, எது எப்படி என்று வீடியோ போடுகிறவன், அதுதான் பிழைப்பு. அதன் கடைசியில் 'உம்மா டெஸ்ட்' என்று ஒரு துண்டு. என் முகம் வராது, குரல் வராது. நான் சொன்னதை இவன் சொல்வான். ஒரு தடவை, இது உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி இருக்கு, வெயில்ல வச்சாத்தான் ஊத்த முடியும் என்றேன். இன்னொன்றை, காதுக்குள்ள ஊசி கோக்குது என்றேன். ஜனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. குவைத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும், யார் பெற்ற பிள்ளைகளோ, உம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டு எழுதுகிறார்களாம். உம்மா சொல்லிவிட்டால் வாங்கிவிடுகிறார்களாம். முன்பெல்லாம் அதைக் கேட்டுச் சிரிப்பேன். இன்றைக்கு, ளுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கிற இந்த முற்பகலில், அந்தப் பிள்ளைகள் எல்லாரும் இந்த அறைக்குள் வந்து சுவரோடு சாய்ந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஏனென்றால் ஊரில் அந்த வியாழக்கிழமையிலிருந்து எனக்கு ஒரு பயம். என் காது போய்க்கொண்டிருக்கிறதோ என்று. முழுசாக இல்லை. மேலே மட்டும், சேலைக்கரை நைந்துபோவதுபோல. யாரிடமும் சொல்லவில்லை. அல்லாஹ்விடம்கூட நேராகச் சொல்லவில்லை, யா ஸமீஉ, யா ஸமீஉ என்று அவன் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் கேட்கிறவனே. அதற்குமேல் வாய் வரவில்லை.

இன்றைக்கு இரண்டு ஜோடி இயர்போன். என் காதில் இருப்பது பச்சைக்கல் பதித்த காதுப்பூ மாதிரி மினுங்குவது. மற்றது புளியங்கொட்டை, அதே கருப்பு, அதே வழவழப்பு. மேசையில் இரண்டு ஆம்ப். ஒன்று வெள்ளி நிறத்தில் சோப்புப் பெட்டி அளவு. இன்னொன்றின் மேலே இரண்டு கண்ணாடிக் குமிழ்கள், உள்ளே ஊதினால் அணைந்துவிடுகிற மாதிரி சின்னத் தணல். "இன்னைக்கு வேலை கொஞ்சம் நுணுக்கம் உம்மா. பேஸை விட்டிருங்க. ட்ரெபிள் மட்டும் பாக்கணும். மேல் சத்தம். அது எந்த இயர்போன்ல நல்லா வருது, எந்த ஆம்போட சேந்தா நல்லா வருதுன்னு." ட்ரெபிள் மட்டும். வேறு எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம் இந்தப் பிள்ளை. "ஆம்ப்னா சத்தத்தைத் தள்ளிவிடுற மோட்டார்தானே, எதுல போட்டா என்ன?" என்று கேட்டேன், நேரம் கடத்துவதற்கு. அவனுக்கு அது போதும், உற்சாகம் வந்துவிட்டது. "அதான் இல்ல. இந்தப் பச்சைக்கல் இருக்கே, இது ஆளைப் பாத்துப் பேசும். வெள்ளி ஆம்ப்ல போட்டா ட்ரெபிள் பளிச்சுன்னு மேல நிக்கும். குமிழ் ஆம்ப்ல போட்டா அதே ட்ரெபிள் தலையைக் குனிஞ்சுக்கும். புளியங்கொட்டை அப்படி இல்ல, எங்க போனாலும் ஒரே பேச்சு." எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க வாப்பா பச்சைக்கல்" என்றேன். எங்கள் காயல்பட்டினத்தில் பெண் புகுந்த வீடு போவது இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அவஹ தன் வீட்டில் வாய் திறக்காத பிள்ளையாம். எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், என் வாப்பாவோடு உட்கார்ந்து சிரிக்கிற சிரிப்பு முடுக்கு தாண்டிப் போகும். பெண்கள் நடமாடுகிற சின்னச் சந்து அது, அந்த வழியாக ஒருநாள் என் மாமி வந்தவர் நின்று கேட்டுவிட்டு, "உள்ள சிரிக்கிறது யாரு, என் மவனா?" என்றார். சிரிப்பு அவஹளிடம் முன்பும் இருந்திருக்கும்தானே, அங்கே எடுத்துவிட ஆள் இல்லை. "வீட்டோட மாப்பிள்ளைத் தத்துவம். இதை அப்படியே வீடியோல சொல்றேன் உம்மா" என்று யூனுஸ் கைதட்டினான். கைதட்டியது தெரிந்தது. சத்தம் கேட்டதா, கையைப் பார்த்ததால் கேட்டதாகத் தோன்றியதா? இப்படித்தான் இப்போது எல்லாவற்றிலும் கொக்கி போட்டு நின்றுவிடுகிறேன்.

அவன் பொத்தானை அழுத்தினான். என் காதுக்குள் நானே பேச ஆரம்பித்தேன். இந்தச் சோதனைக்குப் பாட்டு போடுவதில்லை, பாட்டில் எனக்கு என்ன தெரியும். முதல் தடவை இவன் ஒரு காரியுடைய குர்ஆன் ஓதலைப் போட வந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அல்லாஹ்வுடைய வார்த்தை சாமான் நிறுக்கிற படிக்கல் இல்லை. அப்புறம் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மைக்கை என் முன்னால் வைத்து, நாங்கள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது கூப்பிடுகிற மாதிரி எங்க மூணு பேர் பேரையும் சொல்லுங்க உம்மா என்றான். ஸாலிஹா, யூனுஸ், ஸாபித். மூத்தவள், நடுவில் இவன், கடைக்குட்டி. அதைத்தான் ஒவ்வொரு தடவையும் போடுவான். பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போது நானாக யோசித்து வைத்தேன் என்று சொல்ல முடியாது, ஆனால் அமைந்துவிட்டது, மூன்று பெயரிலும், அரபியில், மூன்று ஸ. ஸாலிஹாவில் வருவது ஸாத், நாக்கின் பின்பக்கம் உயர்ந்து வாய் நிறைய வரும். யூனுஸில் ஸீன், நாக்கு கீழ்ப்பல்லோடு ஒட்டி, மெல்லிசாக விசில் அடிக்கும். ஸாபித்தில் வருவது ஃதே, நாக்கு நுனி பல்லுக்கு வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அதில் விசில் கிடையாது, காற்று மட்டும். தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே எழுத்து. பள்ளிக்கூடச் சான்றிதழில், ரேஷன் கார்டில், கல்யாணப் பத்திரிகையில், எல்லாவற்றிலும் ஒரே ஸ. எட்டாவதோடு நின்ற என் படிப்பில் அந்த ஒரு ஸவைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வாயிலும் காதிலும்தான் மூன்றாக இருந்தது. ஓதப் படிக்கும்போது அந்த விசிலுக்கு ஸஃபீர் என்று பெயர் சொல்லித் தந்தார்கள். ஸீனுக்கு வெட்டுக்கிளியின் சத்தம் என்றார்கள். அதைக் கேட்டுவிட்டு நான் வெட்டுக்கிளி தேடிக் கொல்லையில் சுற்றினேன். இவன் ட்ரெபிள் ட்ரெபிள் என்று சொல்வது எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் ஒருநாள், அட, ஸஃபீர், என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் உம்மா டெஸ்ட் சரியாக வந்தது. மட்டமான இயர்போனில் போட்டால் ஸாபித் பெயரில் விசில் ஏறிவிடும். ரொம்பக் கூர்மையானதில் யூனுஸ் பெயர் முள்ளாகக் குத்தும். நல்லதில் மூன்றும் தனித்தனியாக நிற்கும், என் மூன்று பிள்ளைகளும் வாசலில் நிற்கிற மாதிரி. இப்போது காதுக்குள், பதிவில் இருக்கிற அந்தப் பெண் கூப்பிடுகிறாள். ஸாலிஹா. சரி, அது கனமாக வருகிறது, ஸாத்துக்குக் கீழே ஒரு தூண் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யூனு. யூனு என்று நின்றுவிட்டது. பிறகு, ஆபித். நான் அப்படிக் கூப்பிடுகிறவளா? மகனுடைய பெயரின் வாலை வெட்டி, இன்னொருவனின் தலையை வெட்டி? இல்லை. அந்தப் பெண் சரியாகத்தான் சொல்லியிருப்பாள். என் வாயை எனக்குத் தெரியும். பல்லுக்கு வெளியே நாக்கு வந்ததை அன்றைக்கு நானே உணர்ந்தேன். இயர்போனும் சரியாகத்தான் இருக்கும். மீதி இருப்பது என்ன என்று எண்ணப் போகாமல், கண்ணைத் தாழ்த்தி, சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

அந்த வியாழக்கிழமையும் இப்படித்தான் தலைப்பைச் சரிசெய்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள், பெண்கள் தொழுகிற தைக்காவில் கூடுவோம். எல்லாரும் பேரன் பேத்தி எடுத்தவர்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் குர்ஆன் ஓதுவோம், மற்றவர்கள் கேட்போம். யாரும் யாருக்கும் உஸ்தாது இல்லை. ஆனால் பிழை வந்தால் விரலை உயர்த்துகிற வேலை என்னிடம் எப்படியோ வந்து சேர்ந்தது. ஆள்காட்டி விரல், அவ்வளவுதான், வாயால் ஒன்றும் சொல்வதில்லை. விரல் எழும்பினால் ஓதுகிறவர் நின்று, திரும்பப் போய், சரியாக ஓதிவிட்டுத் தொடர்வார். "ஸபிய்யாட விரலுக்குத் தூக்கமே கிடையாது" என்று என் நாத்தி மைமூன் மச்சி கேலி பண்ணுவார். அவர்தான் அதிகமாக விரல் வாங்குகிறவர். அன்றைக்கு மச்சிக்கு ஜலதோஷம். துப்பட்டியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஓதினார். நான் கண்ணை அவர்மேல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வட்டத்தில் இளையவளான ஜரீனாதான் மெல்லக் கேட்டாள், "ராத்தா, அது ஃதே இல்லையா? மாமி ஸீனா ஓதிட்டாங்களே?" "தும்மல் புடிச்ச வாய், பாவம்னு விட்டேன்" என்று சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மச்சிதான் ரொம்பச் சிரித்தார், "உனக்கு நாத்தி ஆனதுலேர்ந்து இன்னைக்குத்தான் எனக்கு மன்னிப்பு கெடச்சிருக்கு" என்று. அந்தச் சிரிப்புக்குள் நான் ஒளிந்துகொண்டேன். ஒரு எழுத்து மாறினால் அர்த்தம் மாறுகிற இடம் அது. அதைக் கேட்பதற்காகத்தான் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மடியில் கிடந்த விரலைப் பார்த்தேன். யாருடைய விரலோ மாதிரி கிடந்தது. அன்றையிலிருந்து ஓதும்போதெல்லாம் என் ஸீனை நானே கூர்ந்து கேட்கிறேன். நாக்கில் படுகிறது, பல்லில் படுகிறது, உதட்டில் காற்றுப் படுகிறது. காதில் படவில்லையா, பட்டும் எனக்குத் தெரியவில்லையா?

"எப்படி உம்மா?" யூனுஸ் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டான். "இன்னொரு தடவை போடு" என்றேன். ஆம்பை மாற்றினான். குமிழ் ஆம்ப் சூடாக இருந்தது, மேசையில் வைத்த என் புறங்கையில் அந்தச் சூடு லேசாகத் தெரிந்தது. ஸாலிஹா. யூனு. ஆபித். பச்சைக்கல்லைக் கழற்றிப் புளியங்கொட்டையை மாட்டினான். ஸாலிஹா. யூனு. ஆபித். வெள்ளி ஆம்ப். ஸாலிஹா, யூனு, ஆபித். எந்த வீட்டுக்குப் போனாலும் எந்த மாப்பிள்ளை வந்தாலும் ஒரே பேச்சு. சொல்லப்போனால் இப்போதைக்கு நான்தான் புளியங்கொட்டை. அவனுடைய முகத்தைப் பார்த்தேன். சின்னதிலிருந்தே இவனுக்கு ஒன்று பிடித்துவிட்டால் கீழுதட்டைக் கடிப்பான். பச்சைக்கல் வெள்ளி ஆம்பில் இருக்கும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அப்போ அதுதான் இவனுக்குப் பிடித்த ஜோடி. சொல்லிவிடலாம். பச்சைக்கல், வெள்ளி ஆம்ப், விடியக்காலையில் முற்றத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கு என்று சொல்லிவிடலாம். வாசகம்கூடத் தயாராக வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. அழகாகவும் இருந்தது. இவன் சந்தோஷப்படுவான். குவைத்துப் பிள்ளை சந்தோஷப்படும். அது சரியாகவும்தான் இருக்கும், இவன் காது பொய் சொல்லாது. யாருக்கும் நஷ்டம் இல்லை. மைமூன் மச்சியின் தும்மலைப்போல இதுவும் கடந்துபோய்விடும். அப்புறம் அடுத்த வியாழன். அதற்கு அடுத்த வியாழன். அடுப்படியில் குக்கர் ஞாபகம் வந்து, பருப்பு வைத்திருக்கேன், பார்த்துவிட்டு வருகிறேன் என்று இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன்.

மருமகள் வேலைக்குப் போகும்போது அரிசியைக் களைந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள், மீன் ஆணத்துக்குப் புளி கரைத்தாயிற்று, பருப்புதான் பாக்கி. குக்கர் முன்னால் நின்றேன். மேல் குண்டு ஒரு ஆட்டம் ஆடி, ஆவி சீறி எழும்பி, அடங்கியது. ஒரு விசில் என்று மனசுக்குள் எண்ணினேன். எண்ணிய பிறகுதான் உறைத்தது. எதை எண்ணினேன்? ஆவியை. குண்டு ஆடுவதை. சத்தம் எனக்குப் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சாகத்தான் வந்தது, அதில் கீச்சு இல்லை. ஊரில் நான் சமைக்கும்போது கூடத்தில் உட்காராமல் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருப்பது எப்போதிலிருந்து? முற்றத்தில் சிட்டுக்குருவி வருவதில்லை என்று போன வருஷம் முழுக்க நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். செல்போன் கோபுரத்தால் குருவியெல்லாம் போச்சு என்று அவஹளிடம் சொன்னபோது, அவஹ பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "போச்சா? காலைலேர்ந்து மண்டையப் பொளக்குதே, அதுக்குப் பேரு என்ன, காக்காயா?" என்றாஹ. கேலி என்று நினைத்தேன். தஸ்பீஹ் மணி ஒன்றின்மேல் ஒன்று விழும்போது ஒரு சின்னச் சத்தம் வருமே, அது எப்போது நின்றது? இரண்டாவது தடவை குண்டு ஆடியது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கிறேன். கேட்பதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான், பருப்பு வாசனையில், துப்பட்டியால் பொத்திய மைமூன் மச்சியின் முகம் கண்முன்னால் வந்து நின்றது. வாய் தெரியாத முகம். அதுதான். மற்ற வியாழன்களில் நான் விரலை உயர்த்தியதெல்லாம் காதால் இல்லை. ஃதே வருகிற இடத்தில் நாக்கு நுனி பல்லுக்கு வெளியே வருகிறதா என்று பார்த்து. வரவில்லை என்றால் விரல் எழும்பும். எவ்வளவு காலமாக இப்படி, எனக்கே தெரியாது. கண் ஒரு நல்ல பிள்ளையைப்போல, உம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று, காதின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மச்சி வாயைப் பொத்தியதும் பிடிபட்டுவிட்டது. இயர்போனுக்கு வாய் கிடையாது, இங்கேயும் பிடிபட்டுவிட்டது. பயம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இத்தனை நாள் இருட்டில் தடவிக்கொண்டிருந்த சாமானின் மேல் கை பட்டுவிட்ட மாதிரி இருந்தது. இன்னதுதான், இந்த வடிவம்தான். அடுப்பை அணைத்தேன். யா ஸமீஉ என்றேன். பல்லில் ஸீன் பட்டது. எனக்குக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது நான் இல்லைதானே.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவன் எனக்காகப் பச்சைக்கல்லைத் துடைத்து வைத்திருந்தான். "இப்ப சொல்லுங்க, பச்சைக்கல்லா, புளியங்கொட்டையா?" முற்றத்தில் தண்ணீர் தெளித்த வாசகம் இன்னும் நாக்கில்தான் இருந்தது. அதை விழுங்கினேன். "எனக்கு ட்ரெபிள் வரல்ல, யூனுஸ்" என்றேன். "எதுல?" "எதுலயும்." அவன் உடனே கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். "லூஸா இருக்கும் உம்மா. சில நேரம் ஃபில்டர்ல அழுக்கு அடைச்சிருக்கும்." தன் காதில் மாட்டிக் கேட்டான். நன்றாகத்தான் இருக்கிறது என்பது அவன் கண்ணில் தெரிந்தது. ரப்பர் மூடியை மாற்றினான். ஆம்பில் எதையோ திருகினான், "இப்ப ட்ரெபிளை நல்லா ஏத்தியிருக்கேன், காது கூசும், பாத்துக்குங்க" என்றான். மாட்டிக்கொண்டேன். ஸாலிஹா, யூனு, ஆபித். என் முகத்தில் கூச்சம் வருகிறதா என்று அவன் குனிந்து பார்த்தான். வரவில்லை. இன்னும் ஏற்றினான். பிறகு அவன் கை திருகுவதை விட்டுவிட்டது. மெல்ல இரண்டு பக்கத்தையும் அவனே கழற்றினான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றித் துணியை எடுக்கிற மாதிரி. "எப்பலேர்ந்து உம்மா?" "தெரியல்ல. சிட்டுக்குருவி போனதுலேர்ந்து." அவனுக்குப் புரியவில்லை, சொன்னேன். குக்கரையும் சொன்னேன், மச்சியின் துப்பட்டியையும் சொன்னேன், தும்மல் புடிச்ச வாய் என்று நான் சமாளித்ததையும். கேட்டுக்கொண்டே இருந்தவன் அந்த இடத்தில் சிரித்துவிட்டான், சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போன தடவை வந்தப்போ அந்த நீல இயர்போனை நல்லாருக்குன்னு சொன்னீங்களே?" "அப்ப கேட்டுச்சு வாப்பா. கேட்டதைத்தான் சொன்னேன். இன்னைக்குக் கேக்கல்ல, அதையும் சொல்லணும்ல." அவன் தலையை ஆட்டினான்.

கீழே தெருவில் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு போனது, அது எனக்கு நன்றாகக் கேட்டது, அதற்கு ஒரு அல்ஹம்துலில்லாஹ். பிறகு அவன் நாற்காலியை இழுத்து என் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தான். "என்னைப் பாருங்க. நான் சொல்றேன்." ஸாலிஹா என்றான். யூனுஸ் என்றான். ஸாபித் என்றான். மூன்றும் கேட்டன. யூனுஸுக்கு அந்த வால் வந்தது, ஸாபித்துக்குத் தலை வந்தது. நாக்கு நுனி வெளியே வந்து உள்ளே போனதைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை தன் தம்பியின் பெயரைச் சின்னதில் ஒழுங்காகச் சொன்னதே கிடையாது, சோம்பல், எல்லாரையும்போல ஸீனில்தான் கூப்பிடுவான். நான் விரலை உயர்த்துவேன். விளையாட்டுச் சாமான் கையில் இருக்கும், ஓடுகிற அவசரம் இருக்கும், நின்று, நாக்கை நீட்டி எனக்கு அழகு காட்டிவிட்டு, சரியாகச் சொல்லிவிட்டு ஓடுவான். ஒரு தடவைகூட நான் அவனை விட்டதில்லை. "கேக்குதே!" என்று இப்போது அவனுக்குக் கண் விரிந்தது. "இரு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். "இப்ப சொல்லு." இருட்டில் அவன் குரல் வந்தது, அவன் வாப்பாவுடைய குரல்போலவே கீழே அகலமான குரல். ஸாலிஹா. யூனு. அப்புறம் கொஞ்சம் நேரம் எடுத்து, ஆபித். அவன் நாக்கு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. விரல் மடியில் இருந்தது. உயர்த்த வேண்டுமா, வேண்டாமா என்று அதற்கும் தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே கேட்டேன், "சரியாச் சொன்னியா?" "சரியாத்தான் சொன்னேன் உம்மா." எத்தனையோ தடவை இதே பதிலை அவன் சொல்லி, இல்லை, திரும்பச் சொல்லு என்று நான் நிற்க வைத்திருக்கிறேன். "சரி" என்றேன். அவ்வளவுதான். அவன் சொன்னதை எடுத்துக்கொண்டேன். அதை எடுத்துக்கொள்வது பாரமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் பயந்தேன்போல. லேசாகத்தான் இருந்தது.

கண்ணைத் திறந்தபோது அவன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். காது டாக்டராம், நாளைக்கே போகலாமாம். அப்புறம் தன் தொழில் பேச்சு திரும்பி வந்துவிட்டது, அது வந்ததில் எனக்கு நிம்மதி. "காதுல வைக்கிற மெஷின் இருக்கே, அதுவும் ஆம்ப்தான் உம்மா. குட்டி ஆம்ப். உங்க காதுல எந்த இடம் குறையுதோ அங்க மட்டும் தூக்கிக் குடுக்கும். ஆனா கண்டதை மாட்டக் கூடாது, பொருத்தம் பாத்துத்தான் எடுக்கணும். நான் கூட வர்றேன்." "பாரு. ஆனா எங்க ஊரு வழக்கப்படி அதுதான் என் வீட்டுக்கு வந்து இருக்கணும், சொல்லிரு. வந்த எடத்துல கொஞ்சம் அடக்கமாப் பேசணும்." "உங்க வீட்டுக்கு வந்தவங்க யாரு உம்மா அடக்கமாப் பேசியிருக்காங்க?" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். மெஷின் வந்து ஸீனைக் கொண்டுவந்து தரலாம், தராமலும் போகலாம், அது அல்லாஹ்வுடைய நாட்டம். அடுத்த வியாழக்கிழமை வட்டத்தில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக, விரலை இனிமேல் ஜரீனா வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட வேண்டும். அவளுக்கு நல்ல காது. என் முறை வரும்போது நான் ஓதுவேன், அவள் கேட்கட்டும். மைமூன் மச்சி என்ன சொல்வார் என்று யோசித்தேன்: அப்ப அன்னைக்குக் கெடச்ச மன்னிப்பும் கள்ள மன்னிப்பா என்பார். "உம்மா டெஸ்டுக்கு என்ன சொல்லட்டும்?" யூனுஸ் தயங்கிக்கொண்டு கேட்டான். "இந்தத் தடவை வேணும்னா விட்டுரலாம்." சுவரோடு சாய்ந்து நிற்கிற குவைத்துப் பிள்ளையை நினைத்தேன். "விட வேணாம். உம்மாக்கு ரெண்டும் ஒண்ணாக் கேட்டுச்சு, அது உம்மாட காது, இயர்போன் மேல குத்தம் இல்லன்னு சொல்லு. வாங்குறதுக்கு முன்னாடி அவங்கவங்க காதைப் பாத்துக்கச் சொல்லு." அவன் கீழுதட்டைக் கடித்துக்கொண்டான்.

பாங்கு தொடங்கியது. எந்தப் பள்ளியிலிருந்து என்று தெரியாது, இந்த ஊரில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். கீழ்ச்சத்தமெல்லாம் வந்து ஜன்னல் வழியாக மடியில் விழுந்தது, மேலே இருப்பதை நானே வைத்துக்கொண்டேன், எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. தொழுகைக்குமுன் ஒளுச் செய்யப் போனேன். குழாயைத் திறந்து கை, வாய், மூக்கு, முகம், முழங்கை என்று வரிசையாக வந்து, தலையைத் தடவிவிட்டு, ஆள்காட்டி விரலை நனைத்தேன். வட்டத்தில் உயர்ந்துகொண்டிருந்த அதே விரல். அதைக் காதுக்குள் விட்டு, மடிப்பு மடிப்பாக, தூர்ந்துபோன துளைகள் வரை, நிதானமாகத் துடைத்தேன். குளிர்ச்சியாக இருந்தது.